மூலிகை டப்பாவும் ஓட்ஸ் கிண்ணமும்: ஒரு மெய்ப்புத் திருத்துநரின் ஒன்பது மாதக் கணக்கு

பிழை தேடிப் பிழைப்பவள் நான். இருபத்தாறு ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துவதுதான் தொழில். எந்தத் தாள் கைக்கு வந்தாலும் கண் முதலில் போவது அடியில் இருக்கும் பொடி எழுத்துக்குத்தான், தலைப்பு பிறகு. ஐம்பத்து மூன்றாவது வயதில் என் சொந்த இரத்தப் பரிசோதனை அறிக்கையையும் அப்படித்தான் படித்தேன். மொத்தக் கொலஸ்ட்ரால் 241. எச்டிஎல் என்னும் நல்ல கொலஸ்ட்ரால் 48. டிரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பு 155. எல்டிஎல் என்னும் கெட்ட கொலஸ்ட்ரால் 162. நான்கில் மூன்று எண்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி. என் தொழிலில் நட்சத்திரக் குறி என்றால் கீழே பார்க்க வேண்டும் என்று பொருள். கீழே பார்த்தேன்: "மருத்துவரை அணுகவும்."

அணுகினேன். டாக்டர் அம்மா வயது, இரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம், குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் இதய நோய் வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். எல்டிஎல்லைத் தவிர மற்றவை பெரும்பாலும் எனக்குச் சாதகமாகவே இருந்தன. "உடனே மாத்திரை எழுத வேண்டிய அவசரம் உங்களுக்கு இல்லை. மூன்று மாதம் சாப்பாட்டைச் சரிசெய்து பாருங்கள்" என்றார். கூடவே ஒன்று சொன்னார். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், சர்க்கரை நோயாளிகள், எல்டிஎல் 190-க்கு மேல் இருப்பவர்கள் ஆகியோருக்கு இந்த "மூன்று மாதம் பார்க்கலாம்" பொருந்தாது. அவர்களுக்கு மருந்தும் உணவும் ஒன்றாகவே தொடங்க வேண்டியிருக்கும். 190-க்கு மேல் என்பது சில குடும்பங்களில் பிறவியிலேயே வரும் கோளாறு. எத்தனை கிண்ணம் ஓட்ஸ் சாப்பிட்டாலும் அது அடங்காது. இந்த மதிப்புரை என்னைப் போன்ற இரண்டுங்கெட்டான் எண்காரர்களுக்கு.

அன்று மாலையே தம்பி ஒரு டப்பாவோடு வந்து நின்றான். அவனுக்கும் கொலஸ்ட்ரால் உண்டு. மூன்று ஆண்டுகளாக, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகையைச் சேர்ந்த அடோர்வாஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறான். "அக்கா, நான் மாத்திரையில் மாட்டிக்கொண்டது போதும். நீயாவது இயற்கையிலேயே முடித்துக்கொள்" என்று மேசைமேல் வைத்தான்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. இதைப் போல நூறு டப்பாக்கள் இருக்கின்றன. அழகான டப்பா. அடர்பச்சை நிறம், இலை வேய்ந்த சின்னம், உறுதியான திருகு மூடி. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் "கொலஸ்ட்ராலைச் சீராக வைக்க ஒன்பது அரிய மூலிகைகள்". பக்கவாட்டில் "இரத்த குழாய்களைச் சுத்தம் செய்கிறது" என்று க் இல்லாமல் அச்சடித்திருந்தார்கள். ஒற்று விட்டவர்கள் வேறு எதையெல்லாம் விட்டிருப்பார்களோ என்று அப்போதே தோன்றியது. டப்பாவின் அடியில், கட்டெறும்பின் கால் அளவு எழுத்தில், இன்னொரு வாக்கியம்: இந்தப் பொருள் எந்த நோயையும் கண்டறியவோ குணப்படுத்தவோ தடுக்கவோ உருவாக்கப்பட்டதல்ல. ஆக, முன்பக்கம் தரும் வாக்கை அடிப்பக்கம் திரும்ப வாங்கிக்கொள்கிறது. இரண்டையும் ஒரே ஆள் எழுதியிருக்க முடியாது.

மூலப்பொருள் பட்டியல்தான் எனக்கு உண்மையான உறுத்தல். பூண்டு, குக்குலு, வெந்தயம், இலவங்கப்பட்டை, மஞ்சள், இஞ்சி, நெல்லி, பச்சைத் தேயிலை, ஆளி விதை. ஒன்பதும் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் எவ்வளவு என்பது மட்டும் இல்லை. "சிறப்புக் கலவை 600 மில்லிகிராம்" என்று மொத்தத்தைப் போட்டு முடித்துவிட்டார்கள். ஒன்பதால் வகுத்துப் பார்த்தேன். சமமாகப் பிரித்திருந்தால் ஒன்றுக்கு 67 மில்லிகிராம் கூட வராது. நாளுக்கு இரண்டு கேப்சூல் விழுங்கினாலும் 133 மில்லிகிராம். வெந்தயம் கொலஸ்ட்ராலைக் குறைக்குமா என்று பார்த்த ஆய்வுகளில் ஆட்களுக்குக் கொடுத்தது கிராம் கணக்கில். ஒரு பல் பூண்டே சுமார் நான்கு கிராம் எடை. 133 மில்லிகிராம் ஆளி விதையை உள்ளங்கையில் வைத்து ஊதினால் பறந்துவிடும்.

இவ்வளவு கணக்குப் போட்டுவிட்டு ஏன் சாப்பிட்டேன் என்று கேட்கலாம். தம்பி ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்தான், அதுதான் காரணம். கூடவே ஒரு கெட்ட எண்ணமும் இருந்தது: சாப்பாட்டை மாற்றாமலே எண் இறங்கினால் நல்லதுதானே. டாக்டர் அம்மாவிடம் பட்டியலைக் காட்டிக் கேட்டேன். "வேறு மருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பதால் தடுக்கவில்லை. கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கருத்துப்போனாலோ உடனே நிறுத்திவிட்டு வாருங்கள்" என்றார். செறிவூட்டிய பச்சைத் தேயிலைச் சாறும் மஞ்சள் சாறும் சிலருக்குக் கல்லீரலைக் கெடுத்திருக்கின்றன என்பதை அப்போதுதான் அறிந்தேன். கோப்பையில் குடிக்கும் தேநீரும் கேப்சூலில் அடைத்த சாறும் ஒரே செடியிலிருந்து வந்தாலும் ஒரே பொருளாகிவிடாது.

பன்னிரண்டு வாரம், ஒருநாள் தவறாமல், காலை ஒன்று மாலை ஒன்று. மற்றபடி எதையும் மாற்றவில்லை. அதே சாப்பாடு, அதே நடை, அதே நாற்காலி. பலன்: பகல் பதினொரு மணிக்குப் பூண்டு ஏப்பம். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் ஜன்னலைத் திறந்து வைக்கத் தொடங்கினார். அதே பரிசோதனைக் கூடத்தில், அதே போலப் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து, மறுபடி இரத்தம் கொடுத்தேன். மொத்தம் 238, எச்டிஎல் 47, டிரைகிளிசரைடு 150, எல்டிஎல் 161. ஒன்று குறைந்திருக்கிறதே என்று தம்பி மகிழ்ந்தான். ஒரே ஆளுக்கே வாரத்துக்கு வாரம் இதைவிட அதிகமாக ஏறி இறங்கும் என்று டாக்டர் அம்மா சிரித்தார். ஒன்று என்பது சுழியத்தின் இன்னொரு பெயர்.

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். முதலில் படித்திருக்க வேண்டும். குக்குலு என்னும் பிசினை 2003-இல் அமெரிக்காவில் 103 பேரை வைத்து எட்டு வாரம் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் முடிவு வந்திருக்கிறது: ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு எல்டிஎல் ஐந்து விழுக்காடு இறங்கியது, குக்குலு சாப்பிட்டவர்களுக்கு நான்கைந்து விழுக்காடு ஏறியது. சிலருக்குத் தோலில் தடிப்பு வேறு. பூண்டின் கதையும் அப்படித்தான். 2007-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 192 பேரைப் பிரித்து, பச்சைப் பூண்டு, பூண்டுப் பொடி மாத்திரை, பதப்படுத்திய பூண்டுச் சாறு, வெற்று மாத்திரை என்று ஆறு மாதம், வாரத்துக்கு ஆறு நாள் கொடுத்துப் பார்த்தார்கள். பச்சைப் பூண்டை ரொட்டிக்கு நடுவில் வைத்துக் கொடுத்தார்களாம். அதைத் தின்றவர்களின் வீட்டாரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. எல்டிஎல்லில் குறிப்பிடத்தக்க மாற்றம் எந்தக் குழுவிலும் இல்லை.

மூன்றாவது ஒன்று, 2022-இல் வெளிவந்தது. கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவர்கள் சுமார் 190 பேருக்கு 28 நாள் நடத்தியது. ஒரு குழுவுக்கு ரோசுவாஸ்டாட்டின் என்ற மாத்திரை, அதுவும் 5 மில்லிகிராம் என்ற சிறிய அளவு. மற்றவர்களுக்கு மீன் எண்ணெய், இலவங்கப்பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டெரால் (செடிகளில் இருக்கும், கொலஸ்ட்ராலைப் போன்ற பொருள்), சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று ஆளுக்கொன்று. ஒரு குழுவுக்கு வெற்று மாத்திரை. ஸ்டாட்டின் குழுவில் எல்டிஎல் சராசரியாக 37.9 விழுக்காடு இறங்கியது. மற்ற ஆறில் ஒன்றுகூட வெற்று மாத்திரையைக் குறிப்பிடும்படி முந்தவில்லை. நான்கு வாரம் குறைவுதான் என்ற வாதம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் டப்பாவுக்கு நான் கொடுத்தது பன்னிரண்டு வாரம்.

டப்பாவுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் மூடிக்கு.

இனி எனக்குப் பிடித்த பகுதி. டாக்டர் அம்மா இன்னொரு மூன்று மாதம் தந்தார். இம்முறை அவரே ஒரு துண்டுத் தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார்: ஓட்ஸ், இசப்கோல் உமி. எவ்வளவு என்பதையும் எழுதினார், டப்பாக்காரர்கள் செய்யாததை.

ஓட்ஸில் இருக்கும் பீட்டா குளூக்கன் என்ற கரையும் நார்தான் விஷயம். நாளுக்கு 3 கிராம் பீட்டா குளூக்கன் என்பது அளவு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997-இல் ஓட்ஸ் பொட்டலத்தில் இதய நலம் பற்றி எழுத அனுமதித்தது இந்தக் கணக்கை வைத்துத்தான். சமைக்காத ஓட்ஸ் ஏறக்குறைய 75 கிராம் எடுத்தால் அது கிடைத்துவிடும். நான் சமையல் தராசு வாங்கினேன். 75 கிராம் என்பது பார்வைக்குப் பெரிய கிண்ணம். கரண்டிக் கணக்கில் போட்டவர்கள் பெரும்பாலும் பாதிதான் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பழச்சுவை சேர்த்த, மூன்று நிமிடத்தில் வேகும் பாக்கெட்டுகளையும் புரட்டிப் பார்த்தேன். பட்டியலில் இரண்டாவது இடத்தில் சர்க்கரை. மூலப்பொருள்களை எடை இறங்குவரிசையில் எழுதுவது வழக்கம் என்பதால் அந்த இரண்டாவது இடத்துக்கு என்ன பொருள் என்று புரிந்தது. அலமாரியிலேயே திருப்பி வைத்துவிட்டேன்.

இசப்கோல் உமியை மலச்சிக்கலுக்கான பொருளாகவே பலருக்குத் தெரியும். எனக்கும் அப்படித்தான். அதற்கும் 1998-இல் அதே நிர்வாகம் அனுமதி தந்திருக்கிறது. நாளுக்கு 7 கிராம் கரையும் நார் என்ற கணக்கில். உமியாக எடுத்தால் ஏறத்தாழ 10 கிராம். நான் காலையில் 5, மாலையில் 5 என்று பிரித்தேன்.

இவை எப்படி வேலை செய்கின்றன என்பது தெரிந்தபோது, ஒரு நல்ல கதையின் முடிச்சு அவிழ்ந்தது போல இருந்தது. கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் பித்த அமிலத்தைச் சுரக்கிறது. அந்தப் பித்த அமிலத்தைச் செய்வதற்கு மூலப்பொருள் கொலஸ்ட்ரால். கல்லீரல் சிக்கனக்காரி, குடலுக்கு அனுப்பியதில் 95 விழுக்காடு அளவுக்குத் திரும்ப உறிஞ்சி மறுபடி பயன்படுத்துகிறது. இங்கேதான் நார் குறுக்கே வருகிறது. தண்ணீரில் ஊறிக் கூழாகும் நார், பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடுகிறது. இழப்பை ஈடுகட்டக் கல்லீரல் புதிதாகப் பித்தம் செய்ய வேண்டும்; அதற்கு இரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. அப்படி இழுக்கும் கைகளைக் கண்டுபிடித்துச் சொன்ன பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. இரத்தக் குழாயைத் "தேய்த்துக் கழுவுவது" எங்கும் நடக்கவில்லை. நடப்பதெல்லாம் குடலில், சத்தமில்லாமல்.

சத்தமில்லாமல் என்று எழுதியதைத் திருத்த வேண்டும். முதல் பத்து நாள் நல்ல சத்தம். வயிறு உப்பிக்கொண்டு, இடுப்புப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு, கூட்டத்தில் உட்காரவே அஞ்சினேன். தவறு என்னுடையது, ஒரே நாளில் முழு அளவுக்குத் தாவிவிட்டேன். பிறகு 3 கிராமில் தொடங்கி வாரத்துக்கு வாரம் ஏற்றினேன், வயிறு சமாதானமானது. இசப்கோலைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். முழு டம்ளர் தண்ணீரில் கலந்து, கூழாவதற்கு முன்பே குடித்து, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். கொஞ்சம் தண்ணீரில் விழுங்கினால் தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களும் குடல் அடைப்பு வந்தவர்களும் பக்கமே போகக் கூடாது. இரண்டாவது, வேறு மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். கூழ் மாத்திரையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

சுவை? ஈரமான அட்டைப்பெட்டியை நக்கியது போல. ஆரஞ்சு மணம் சேர்த்ததும் கிடைக்கிறது. அதில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஆறாவது வாரத்தில் ஓட்ஸைக் கண்டாலே எரிச்சல் வந்தது. உப்பும் மிளகும் வதக்கிய காளானும் போட்டுக் காரக் கஞ்சியாக்கிய பிறகு உறவு நீடித்தது. ஓட்ஸைப் பழத்தோடும் தேனோடும்தான் சாப்பிட வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டது போல எல்லாரும் நடந்துகொள்கிறார்கள்.

பன்னிரண்டு வாரம் கழித்து: மொத்தம் 220, எச்டிஎல் 47, டிரைகிளிசரைடு 150, எல்டிஎல் 143. பதினெட்டு இறங்கியிருந்தது, பதினொரு விழுக்காடு. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வாகன நிறுத்தத்திலேயே கழித்தல் கணக்கை மூன்று முறை போட்டேன். பரிசோதனைக் கூடம் எல்டிஎல்லை நேரடியாக அளக்கவில்லை என்பதும் அப்போது தெரிந்தது. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்கிறார்கள். 1972-இல் வந்த ஃப்ரீடுவால்டு என்பவரின் சூத்திரம் அது. உங்கள் அறிக்கையில் போட்டுப் பாருங்கள், பல கூடங்களில் சரியாக வரும். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் மட்டும் இந்தக் கணக்கை நம்ப முடியாது.

நேர்மைக்காக ஒன்று. அந்த மூன்று மாதத்தில் என் எடை ஒரு கிலோ குறைந்தது. காலையில் பெரிய கிண்ணம் ஓட்ஸ் தின்றவளுக்குப் பதினொரு மணி பிஸ்கட் தேவைப்படவில்லை. பதினெட்டில் எத்தனை நாரால், எத்தனை விட்டுப்போன பிஸ்கட்டால் என்று பிரிக்க எனக்கு வழியில்லை. ஒரே ஒரு ஆளை வைத்துச் செய்த சோதனையின் கதி இதுதான்.

ஓட்ஸுக்கு நான்கு. இசப்கோலுக்கும் நான்கு, சுவைக்காக ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாவது சுற்றில் பேராசை. 2003-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ் குழு ஒரு சோதனை நடத்தியது. கரையும் நார், சோயா, பாதாம், தாவர ஸ்டெரால் ஆகிய நான்கையும் ஒரே உணவுத் திட்டத்தில் சேர்த்து, 46 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து ஒரு மாதம் பார்த்தார்கள். இந்த உணவைச் சாப்பிட்ட குழுவுக்கு எல்டிஎல் 28.6 விழுக்காடு இறங்கியது. பழைய ஸ்டாட்டினான லோவாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களுக்கு 30.9. தனித்தனியாகச் சிறிதாகத் தெரிபவை கூடினால் பெரிதாகின்றன என்பதே அதில் என்னைக் கவர்ந்தது. ஆனால் அந்த மாதம் அவர்களுக்கு உணவைத் தயாரித்தே கொடுத்தார்கள். எனக்கு யார் கொடுப்பார்கள்?

முடிந்ததைச் செய்தேன். வெண்ணெயை எடுத்துவிட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறினேன். வெண்ணெயில் மிகுந்திருக்கும் நிறைகொழுப்பு அதிகமானால் கல்லீரலின் அந்த இழுக்கும் கைகள் குறைந்துபோகின்றன. உப்பில்லாத பாதாமும் அக்ரூட்டும் தினம் 30 கிராம், தராசில் நிறுத்து. நிறுக்காமல் தின்றால் கை டப்பாவிலேயே இருக்கும், எடை ஏறிவிடும். வாரத்தில் நான்கு நாள் இறைச்சிக்குப் பதில் பயறு அல்லது சோயா. ஆளி விதையைப் பொடித்துக் கஞ்சியில் தூவினேன். முழுதாகப் போட்டால் போன வழியே முழுதாக வெளியேறிவிடும். தாவர ஸ்டெரால் சேர்த்த ரொட்டித் தடவல் ஒன்றை வாங்கி இரண்டு நாளில் கைவிட்டேன். நாளுக்கு 2 கிராம் ஸ்டெரால் எடுத்தால் எல்டிஎல் எட்டு முதல் பத்து விழுக்காடு வரை குறையலாம் என்பது பல ஆய்வுகளில் வந்த கணக்கு. என் நாக்கு சம்மதிக்கவில்லை, அவ்வளவுதான்.

எதிர்பாராத இடத்தில் அடி விழுந்தது காப்பிக்கு. வடிதாள் இல்லாமல், கொதிக்கவைத்தோ உலோகச் சல்லடையில் அழுத்தியோ குடிக்கும் காப்பியில் கஃபெஸ்டால் என்ற எண்ணெய்ப் பொருள் தங்கிவிடுகிறது. அது எல்டிஎல்லை ஏற்றும். காகித வடிதாள் அதைப் பிடித்துக்கொள்கிறது. மெய்ப்புக்காரி நாளுக்கு ஐந்து கோப்பை, அழுத்திச் சல்லடையிட்டது. காகிதத்தால் பிழைக்கிறவள் காப்பிக்கும் காகிதத்துக்கு மாறினேன்.

மூன்றாம் சுற்றின் முடிவு: மொத்தம் 207, எச்டிஎல் 48, டிரைகிளிசரைடு 140, எல்டிஎல் 131. தொடங்கிய இடத்திலிருந்து முப்பத்தொன்று இறங்கியிருக்கிறது. டாக்டர் அம்மா தலையாட்டினார். "இப்போதைக்கு இது போதும். ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம். வயது ஏறும்போது மாத்திரை தேவைப்பட்டால் அதைத் தோல்வியாக நினைக்கக் கூடாது" என்றார். நினைக்கவில்லை. முதல் ஸ்டாட்டினை 1970-களில் ஜப்பானின் அகிரா எண்டோ கண்டெடுத்ததே ஒரு பூஞ்சையிலிருந்துதான். இயற்கை என்ற சொல்லை மூலிகை டப்பாக்காரர்கள் மட்டும் குத்தகைக்கு எடுத்துவிட முடியாது.

இதற்கிடையில் தம்பி. போன மாதம் வந்தவன் நாற்காலியில் உட்காரும்போது முகம் சுளித்தான். இரண்டு வாரமாகத் தொடை வலி, மாடிப்படி ஏற முடியவில்லை என்றான். புதிதாக நடைப்பயிற்சி தொடங்கியதால் இருக்கும் என்று அவனே காரணமும் சொன்னான். பேச்சுவாக்கில் பையிலிருந்து இன்னொரு டப்பாவை எடுத்தான். அதே நிறுவனம், அதே பச்சை, அதே மூடி. "உன் டப்பா வேலை செய்யவில்லை என்றாய் அல்லவா? இது அவர்களுடைய கூடுதல் சக்தி வகை. நான் ஒரு மாதமாக மாத்திரையோடு இதையும் சேர்த்துச் சாப்பிடுகிறேன். இயற்கைதானே அக்கா."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடியிலிருந்து படித்தேன். ஏழாவது வரியில் இருந்தது: சிவப்பு ஈஸ்ட் அரிசிச் சாறு. அரிசியில் ஒருவகைப் பூஞ்சையை வளர்த்துச் செய்வது. அந்தப் பூஞ்சை சுரக்கும் மோனகோலின் கே என்ற பொருளும், 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோவாஸ்டாட்டின் மாத்திரையும் வேதியியலில் ஒன்றேதான். பெயர் வேறு, பொருள் ஒன்று. ஒவ்வொரு டப்பாவிலும் அது எவ்வளவு இருக்கும் என்பது தயாரிப்பாளரின் மனம்போல மாறும். சிலவற்றில் ஏறக்குறைய ஒன்றுமே இராது, சிலவற்றில் மருந்தளவுக்கே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல், ஒரு நாளைக்கான அளவில் மோனகோலின் 3 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று வரம்பு கட்டியது. சரியாகப் பதப்படுத்தாவிட்டால் சிட்ரினின் என்ற சிறுநீரக நஞ்சும் சேர்ந்துவிடும். 2024-இல் ஜப்பானில் இத்தகைய மாத்திரை சாப்பிட்ட பலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, அந்தப் பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். வேறொரு பூஞ்சை உள்ளே புகுந்ததுதான் அங்கே சிக்கல்.

என் தம்பி, அதாவது, ஒரு ஸ்டாட்டினுக்கு மேல் இன்னொரு ஸ்டாட்டினை, அளவே தெரியாமல், ஒரு மாதமாக விழுங்கிக்கொண்டிருந்தான்.

அங்கிருந்தே டாக்டர் அம்மாவுக்குத் தொலைபேசி. டப்பாவை அந்த நிமிடமே நிறுத்தச் சொன்னார். ஸ்டாட்டின் மிகுந்தால் தசை கெடலாம் என்பதால், மறுநாள் காலை இரத்தத்தில் தசைச் சிதைவைக் காட்டும் தசை நொதியையும் சிறுநீரகத்தையும் பார்க்கச் சொன்னார். சிறுநீரகம் நன்றாக இருந்தது. தசை நொதி இருக்க வேண்டிய அளவைத் தாண்டியிருந்தது. வேறு என்னென்ன சாப்பிடுகிறாய் என்று அவர் விசாரித்ததில், அவன் தினமும் பம்ப்ளிமாஸ் இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் பழத்தின் சாறு குடிப்பதும் வெளியே வந்தது. அதுவும் அடோர்வாஸ்டாட்டின் உடலில் சிதையாமல் தேங்க வழிசெய்யும். அதையும் நிறுத்தினார். மூன்று வாரத்தில் வலி போய், எண்ணும் இறங்கியது. மாத்திரை தொடர்கிறது. டாக்டரிடம் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "மருந்து என்ன சாப்பிடுகிறீர்கள் என்றுதானே கேட்டார்" என்றான்.

இரண்டாவது டப்பாவுக்குச் சுழியம். இம்முறை மூடிக்கும் கிடையாது. ஏழாவது வரியைச் சிவப்பு மசியால் வட்டமிட்டு என் மேசையில் வைத்திருக்கிறேன். நேற்று தம்பி அதைத் திருப்பிக் கேட்டான். உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு இசப்கோல் போட்டு வைக்க டப்பா வேண்டுமாம்.